குளிருக்கு ஒரு மருந்து, வெயிலுக்கு ஒரு மருந்து



பொங்கலுக்கு வில்பட்டிக்கு வந்த பேத்தி, பைக்குள்ளிருந்து ஒரு பழைய கேமராவை எடுத்து மேசைமேல் வைத்தாள். பிலிம் போட்டு எடுக்கும் கேமரா. சென்னையில் படிக்கிற பிள்ளை. கையில் இருக்கிற போனில் ஆயிரம் படம் எடுக்கலாம். இருந்தாலும் இப்போது கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கறுப்பு வெள்ளைப் பிலிம் மேல் திடீர் ஆசை வந்திருக்கிறது.

"தாத்தா, நீங்க சின்ன வயசுல ஸ்டூடியோவுல பிலிம் கழுவுனீங்கன்னு அப்பா சொன்னாரு. எந்த டெவலப்பர் வாங்கட்டும்?" என்று கேட்டு, நாலு பெயரை வாசித்தாள். டி-76, ரோடினால், எச்.சி-110, எக்ஸ்டால்.

"எங்க வச்சுக் கழுவப்போற? இங்கயா, மெட்ராஸ்லயா?" என்றேன்.

"எங்க கழுவினா என்ன தாத்தா? மருந்து ஒண்ணுதானே?"

ஐம்பது வருஷத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன். அது தப்பு என்று நான் தெரிந்துகொண்ட விதம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்படியானது அல்ல. ஆனாலும் சொல்கிறேன். அதற்கு முன் கொஞ்சம் சரித்திரம்.

ஸ்டூடியோவில் நாங்கள் டெவலப்பரை 'மருந்து' என்றே சொல்வோம். கேமராவில் வெளிச்சம் பட்ட பிலிமை அப்படியே எடுத்துப் பார்த்தால் அதில் படம் எதுவும் தெரியாது. பிலிமின்மேல் பூசியிருக்கும் ஜெலட்டினுக்குள் வெள்ளி உப்பு பொடிப்பொடியாக இருக்கிறது. வெளிச்சம் பட்ட பொடியை மட்டும் கறுப்பு வெள்ளியாக மாற்றுவது டெவலப்பரின் வேலை. வெளிச்சம் படாத உப்பைக் கரைத்து வெளியேற்றுவது ஹைப்போவின் வேலை. டெவலப்பரில் செய்த பிழையை, ஹைப்போவில் போட்ட பிறகு திருத்த முடியாது. ஏனென்றால் திருத்துவதற்கு உள்ளே உப்பு மிச்சம் இருக்காது.

இந்த டெவலப்பர் பரம்பரையின் மூத்த தலைமுறையில் ஒருவர் நமக்குத் தெரிந்தவர்தான். கைக்குழந்தைக்கு நாக்கில் உரசித் தடவுவோமே, மாசிக்காய், அதுவேதான். ஓக் மரத்தில் பூச்சி முட்டையிட்ட இடத்தில் உருண்டையாக வளரும் புடைப்பு அது. பழைய காலத்து எழுதும் மை அதிலிருந்து வந்தது. அதிலிருந்து எடுக்கும் காலிக் அமிலம்தான் காகித நெகட்டிவ் காலத்தில் டெவலப்பராக இருந்தது. அந்த அமிலத்தைச் சூடாக்கினால் பைரோகலால் கிடைக்கும் என்று ஷீலே என்ற வேதியியலாளர் 1786இலேயே கண்டிருந்தார். போட்டோ என்ற ஒன்று பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே அதன் மருந்து தயாராக இருந்தது. பின்னால் கண்ணாடிப் பிளேட் காலத்தில் பைரோ என்ற பெயரில் அது வெகுநாள் ஆட்சி செய்தது.

மாசிக்காய் மருந்தால் கழுவிய படங்களை நம் மதுரையிலேயே எடுத்திருக்கிறார்கள். லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி, சென்னை மாகாண அரசின் போட்டோகிராபராக 1858இல் மதுரைக்கு வந்தார். மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மஹாலையும் எடுத்தார். அந்தக் காலத்தில் மேல்நாட்டில் பெயர் பெற்றிருந்த முறை, கண்ணாடியில் கொலோடியன் என்ற பசையைப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே படம் எடுத்துக் கழுவிவிடுவது. நம் ஊர் வெயிலில் அந்தப் பசை நிமிஷத்தில் காய்ந்துவிடும். ட்ரைப் மெழுகு ஏற்றிய காகிதத்தை நெகட்டிவாக வைத்துக்கொண்டார். அதை முன்கூட்டியே தயார் செய்து வைக்கலாம். படம் எடுத்த பிறகு சாவகாசமாகக் கழுவலாம். காலிக் அமிலம் மெதுவாக வேலை செய்யும். மணிக்கணக்கில் ஊற வேண்டும். ஆனால் வெயிலுக்குத் தோதான முறை அது. ஆக, எந்த முறை, எந்த மருந்து என்பதில் ஊரின் தட்பவெப்பத்துக்கு 1858இலேயே பங்கு இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு காலம் வேகமாக ஓடியது. 1871இல் மேடாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் ஜெலட்டினில் வெள்ளி உப்பைக் கலந்து பூசும் யோசனையை வெளியிட்டார். காய்ந்த பிளேட்டைக் கடையில் வாங்கி வைத்துக்கொள்ளும் வசதி அதிலிருந்து வந்தது. 1880இல் ஆப்னி என்பவர் ஹைட்ரோகுயினோன் என்ற பொருள் டெவலப்பராக வேலை செய்யும் என்று கண்டார். 1891இல் மெட்டால் கடைக்கு வந்தது. அதே வருஷம்தான் ஜெர்மனியின் அக்ஃபா கம்பெனி ரோடினாலை விற்க ஆரம்பித்தது. என் பேத்தி வாசித்த பட்டியலில் இருந்த ரோடினால், அவளுடைய கொள்ளுத்தாத்தாவைவிட வயதில் மூத்தது!

நம் மலைக்கும் அந்தச் சமயத்தில்தான் பிளேட்டும் மருந்தும் பெரிய அளவில் ஏறின. சென்னையிலிருந்த வானியல் ஆய்வகத்தின் வேலையை 1899இல் மிச்சி ஸ்மித் என்பவர் கொடைக்கானலுக்கு மாற்றினார். சமவெளியின் தூசியும் புழுக்கமும் இல்லாத வானம் வேண்டும் என்பதுதான் காரணம். 1904இலிருந்து அங்கே சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள். கால்சியம் வாயுவின் ஊதா வெளிச்சத்தில் எடுத்தது ஒரு வரிசை. 1912இலிருந்து ஹைட்ரஜனின் சிவப்பு வெளிச்சத்தில் எடுத்தது இன்னொரு வரிசை. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்கிறது என்று எவர்ஷெட் 1909இல் கண்டுபிடித்ததும் இங்கே எடுத்த பிளேட்டுகளிலிருந்துதான். நூறு வருஷத்துக்கு மேல் சேர்ந்த அந்தப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி உலகம் முழுவதும் ஆராய்கிறார்கள்.

இதில் டெவலப்பருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பத்து வருஷம் முன்பு எடுத்த பிளேட்டையும் இன்று எடுத்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறீர்கள். ஒன்றில் சூரியனின் ஒரு பகுதி மங்கலாக இருக்கிறது. மங்கியது சூரியனா, மருந்தா? கழுவியதில் வெப்பமோ நேரமோ மாறியிருந்தால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. நாள் தவறாமல் ஒரே பக்குவத்தில் கழுவுவது அங்கே ஆராய்ச்சியின் ஒரு பாகம். ஸ்டூடியோவில் எங்களுக்கு அது அப்படித் தோன்றவில்லை. அதன் விலையை வேறொருவர் கொடுத்தார்.

இனி என் கதை. பள்ளி இறுதி முடித்துவிட்டு, தபால் இலாகாவில் வேலை கிடைக்கும்வரை கொடைக்கானலில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் உதவியாளாக இருந்தேன். முதலாளியை மாஸ்டர் என்று கூப்பிடுவோம். கோபக்காரர், தொழிலில் கெட்டிக்காரர். நாங்கள் உபயோகித்தது எம்.க்யூ. டெவலப்பர். மெட்டாலும் ஹைட்ரோகுயினோனும் சேர்ந்தது. மருந்துத் தொட்டியில் வைக்க ஒரு தெர்மாமீட்டர் இருந்தது. அதில் 68 டிகிரி பாரன்ஹீட்டுக்கு நேராக மாஸ்டர் சிவப்பு நூல் கட்டியிருந்தார். செல்சியஸில் அது 20 டிகிரி. மருந்து டப்பாக்களில் அச்சடித்திருக்கும் நேரமெல்லாம் அந்த 20 டிகிரிக்குத்தான். கொடைக்கானலில் மே மாதத்துப் பகல் வெயிலே ஏறக்குறைய அவ்வளவுதான். மார்கழி, தை மாதங்களில் அந்தச் சூட்டுக்கு நாம்தான் வழி செய்ய வேண்டும். கரியடுப்பில் வெந்நீர் போட்டு, அந்த வாளிக்குள் மருந்துப் பாத்திரத்தை இறக்கி, சிவப்பு நூலுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

1974 ஜனவரியில் எங்கள் வில்பட்டியிலிருந்து ஒருவர் தன் தாயாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பூண்டு போடுகிற குடும்பம். கிழவிக்கு எண்பது வயதிருக்கும். அதுவரை ஒரு படம்கூட எடுத்ததில்லை. பெஞ்சில் உட்கார வைத்ததும், "கண்ணை மூடணுமா தம்பி?" என்று என்னைக் கேட்டது. மாஸ்டர் ரெண்டு படம் எடுத்தார். சாயங்கால பஸ்ஸில் சாமான் வாங்க வத்தலக்குண்டுக்கு இறங்கிவிட்டார். "காலையில கழுவிரு. சூடு பாத்துக்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

மறுநாள் காலையில் புல்லெல்லாம் உறைபனி. கரி ஈரமாகி அடுப்பு பற்றவில்லை. சீக்கிரம் முடித்துவிட்டு வெயிலில் நிற்க வேண்டும் என்பது ஒன்றுதான் மனசில். தெர்மாமீட்டரைப் பார்க்காமல் மருந்தை ஊற்றி, கடிகாரத்தைப் பார்த்து வழக்கமான நேரத்தை எண்ணி, ஹைப்போவில் போட்டேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது நெகட்டிவ் வெங்காயத் தோல்போல இருந்தது. அப்புறம்தான் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன். 52 டிகிரி. செல்சியஸில் 11.

மாஸ்டர் திரும்பி வந்து நெகட்டிவைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. எதிரில் உட்கார வைத்துச் சொன்னார்:

"மெட்டால் பால்காரன் மாதிரி. குளிரோ மழையோ, விடிஞ்சா வந்துருவான். ஹைட்ரோகுயினோன் நம்ம ஊர்ப் பெருசு மாதிரி. வெயில் வந்தாத்தான் கம்பளியை விட்டு எந்திரிப்பாரு. நீ பாதி மருந்துலதான் கழுவியிருக்க."

இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகத்திலும் நான் பிறகு படிக்கவில்லை. மெட்டால் படத்தின் உருவத்தைச் சீக்கிரம் கொண்டுவரும். ஹைட்ரோகுயினோன் அதற்குக் கறுப்பு அழுத்தம் கொடுக்கும். இரண்டும் சேர்ந்தால், தனித்தனியாகச் செய்வதைக் கூட்டினால் வருவதைவிட அதிக வேலை செய்யும். ஆனால் 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஹைட்ரோகுயினோன் ஏறக்குறைய தூங்கிவிடும். நேரத்தை நீட்டினாலும் எழுந்திருக்காது.

மாஸ்டர் நெகட்டிவை இன்டென்சிபையரில் போட்டுக் கொஞ்சம் அழுத்தம் ஏற்றினார். பென்சிலால் டச்சிங் செய்தார். இருப்பதைக் கூட்டலாம், இல்லாததைக் கொண்டுவர முடியாது. "அவங்களை மறுபடி வரச்சொல்லு, காசு வேண்டாம்" என்றார். நான் ஊருக்குப் போய்ச் சொன்னேன். குளிர் விடட்டும் என்றார்கள். மாசி பிறந்து சில நாளில் கிழவி போய்ச் சேர்ந்துவிட்டது.

காரியத்துக்குப் பெரிய படம் வேண்டும் என்று மகன் வந்தார். இருந்ததிலேயே கடினமான கிரேடு பேப்பரில் நானே பிரிண்ட் போட்டேன். பனிமூட்டத்துக்குள்ளிருந்து யாரோ பார்ப்பதுபோல இருந்தது முகம். காதுத் தண்டட்டி தெரியவில்லை. அவர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "பரவால்ல தம்பி. ஆத்தா இருக்குல்ல" என்றார். அந்த வார்த்தையை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

அந்த வருஷத்திலிருந்து ஸ்டூடியோவில் ஒரு மாற்றம் வந்தது. குளிர்காலத்துக்கு என்று மாஸ்டர் தனி மருந்து கலக்க ஆரம்பித்தார். கோடாக் கம்பெனி 1944இல் வெளியிட்ட டி-23 என்ற கணக்கு அது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு மெட்டால் 7.5 கிராம், சோடியம் சல்பைட் 100 கிராம், அவ்வளவுதான். ஹைட்ரோகுயினோன் கிடையாது. குளிர்ந்தால் இதுவும் மெதுவாகத்தான் வேலை செய்யும். ஆனால் பாதி ஆள் வேலைக்கு வராத சங்கடம் இல்லை. நேரத்தைக் கூட்டினால் சரிக்கட்டலாம். மற்ற மாதங்களுக்கு டி-76. 1920களின் பிற்பகுதியில் சினிமா நெகட்டிவுக்காக கோடாக்கில் உருவாக்கியது. மெட்டால் 2 கிராம், சல்பைட் 100, ஹைட்ரோகுயினோன் 5, போராக்ஸ் 2. போராக்ஸ் என்றால் வேறொன்றுமில்லை, பத்தர் நகை பற்றவைக்கும் வெங்காரம்தான். இல்ஃபோர்டு கம்பெனி ஐ.டி-11 என்று விற்பதும் இதே மருந்துதான்.

குளிரை இப்படிப் பழித்துவிட்டேன். வெயிலின் சேட்டையை அடுத்த வருஷம் பார்த்தேன். சித்திரைத் திருவிழா சமயம் வேலை அதிகம் என்று மதுரையில் ஒரு ஸ்டூடியோவுக்கு ஒரு மாதம் போயிருந்தேன். அங்கே கரியடுப்புக்குப் பதில் ஐஸ் கட்டி! குழாய்த் தண்ணீரே 30 டிகிரிக்கு மேல். அந்தச் சூட்டில் மருந்து வெறிகொண்டு வேலை செய்யும். அதோடு போகாது. ஜெலட்டின் என்பது எலும்பும் தோலும் காய்ச்சி எடுத்த பசை. சுடுதண்ணீரில் வீங்கி, பிலிமின் ஓரத்தில் தோல்போல உரிந்து வரும். இதற்கென்றே சூட்டு நாட்டு மருந்துகள் இருந்தன. கோடாக்கின் டி.கே-15இல் சோடியம் சல்பேட் கலந்திருப்பது ஜெலட்டின் ஊதாமல் இருக்கத்தான். ஹைப்போவில் படிகாரம் சேர்ப்பது அதை இறுக்கத்தான். போர்த் தண்ணீரின் சுண்ணாம்பு வேறு மருந்தில் வெள்ளையாகப் படியும். மலைத் தண்ணீரில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் குளிர்ந்த தண்ணீரில் ஹைப்போ சீக்கிரம் வெளியேறாது. அதிக நேரம் அலசாவிட்டால் படம் சில வருஷத்தில் பழுத்துவிடும்.

நம் நாட்டுப் பிலிம் தொழிற்சாலை ஏன் மலையில் வந்தது என்பது அப்போது புரிந்தது. 1960இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸை ஊட்டியில் வைத்தார்கள். பிரான்சின் போஷே கம்பெனியின் உதவியோடு 1967இல் உற்பத்தி ஆரம்பித்தது. பிலிமுக்கும் பேப்பருக்கும் 'இந்து' என்று பெயர். சந்திரன் என்று பொருள். வெளிநாட்டுச் சரக்கு எளிதில் கிடைக்காத அந்தக் காலத்தில், நம் வீட்டுக் கல்யாண ஆல்பங்களில் பாதி அந்தப் பேப்பரில்தான் இருக்கும். கலர் வந்தது, பிறகு டிஜிட்டல் வந்தது. தொழிற்சாலை தள்ளாடி, கடைசியில் மூடியேவிட்டது.

சரி, பேத்தியின் கேள்விக்கு வருகிறேன். அவளிடம் சொன்னதை இங்கே எழுதிவிடுகிறேன்.

மாதத்துக்கு ஒரு ரோல்தான் எடுப்பாய் என்றால் ரோடினால் நல்லது. பாதி பாட்டில் மிச்சம் இருந்தாலும் வருஷக்கணக்கில் கெடாது. படத்தில் பொடி கொஞ்சம் பெரிசாகத் தெரியும். வழுவழுப்பாக வேண்டும் என்றால் டி-76. சென்னையில் கழுவினால் ஐஸ் வைத்து 20க்கு இறக்கு. முடியாவிட்டால் டி-76ஐச் சரிபாதி தண்ணீர் கலந்து உபயோகி. சூட்டில் நேரம் குறைந்துகொண்டே போய் ஐந்து நிமிஷத்துக்குக் கீழே வந்துவிட்டால் படம் திட்டுத்திட்டாக வரும். வில்பட்டியில் கழுவினால் வெந்நீர் வாளி. எந்த ஊரானாலும் முதலில் வாங்க வேண்டியது தெர்மாமீட்டர், மருந்து அப்புறம்.

"காபித்தூள்ல கூடக் கழுவலாமாம் தாத்தா" என்றாள். உண்மைதான். 1995இல் அமெரிக்காவில் ரோச்செஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரியில் ஸ்காட் வில்லியம்ஸ் என்ற பேராசிரியரும் மாணவர்களும் செய்து காட்டினார்கள். இன்ஸ்டன்ட் காபியும் சலவைச் சோடாவும் போதும். பின்னால் வந்தவர்கள் வைட்டமின் சி-யும் சேர்த்தார்கள். மாசிக்காயில் ஆரம்பித்த வித்தை காபிக்கொட்டைக்கு வந்திருக்கிறது. தாண்டிக்குடிப் பக்கம் காபி போடுகிறவர்கள் கவனிக்கவும்!

அவள் கொண்டுவந்திருந்த டி-76இலேயே எங்கள் அடுப்படியில் கழுவினோம். காலை ஏழு மணி, தண்ணீர் 12 டிகிரி. வெந்நீரில் வைத்து 20க்கு வந்ததா என்று நான் மூன்று தடவை பார்த்தேன். "எத்தனை தடவை தாத்தா பாப்பீங்க?" என்று சிரித்தாள். நெகட்டிவ் நன்றாக வந்தது.

அதற்குப் பிறகுதான் டிரங்குப் பெட்டியைத் திறந்து பழைய நெகட்டிவை எடுத்துக் கொடுத்தேன். ஸ்டூடியோ மூடியபோது மாஸ்டரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டது. மெல்லிய நெகட்டிவில் பேப்பருக்கு எட்டாததைக்கூட ஸ்கேனர் ஓரளவு எடுத்துவிடும் என்றாள். சென்னைக்குப் போய் ஸ்கேன் செய்து அனுப்பினாள். கண் தெரிந்தது. தண்டட்டியும் தெரிந்தது.

சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். மகன் இப்போது இல்லை. பேரன் இருக்கிறார், அவருக்கே அறுபது வயது. நடந்ததை முதல்முறையாகச் சொன்னேன். "கழுவினது நான்தான், தப்பு என் பேர்லதான்" என்றேன். புதுப் படத்தை வாங்கிப் பார்த்தார், வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டுக் காட்டினார். பழைய படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார்.

பழையதைக் கழற்றிவிடலாமே என்று கேட்டேன்.

"இருக்கட்டும்ணே. இத்தனை வருஷமா இதுதானே எங்க அப்பத்தா" என்றார்.